குடித்திருப்போர் சங்கம்

அந்த வக்கீலம்மாவுக்கு அலுவலகம் வைத்த பெயர் கமா. ஒரு காற்புள்ளி இடம் மாறிக் கிடந்தால் போதும், ஒப்பந்தம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். சோப்பு உறையைக்கூடப் பேனாவோடுதான் படிப்பார் என்று அவர் கணவரே ஒரு வதந்தியைப் பரப்பி வைத்திருந்தார்.

வக்கீலுக்குப் படித்தவர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் முழங்குவார் என்பது ஊர் நினைப்பு. கமா முழங்கியது இரண்டே வருடம். எதிர்த்தரப்புச் சாட்சி அழுதால் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுகிற சுபாவம். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

பிறகு, இல்லாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார். கடன் தருகிற வங்கி, மானியம் தருகிற துறை, கட்டுகிற கான்ட்ராக்டர் எல்லாரையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைப்பதுதான் வேலை. மானியம் வந்தால்தான் கடன் என்று வங்கி சொல்லும். கடன் வந்தால்தான் மானியம் என்று துறை சொல்லும். குளத்தங்கரையில் "நீ முதல்ல குதிடா" என்று நடுங்கிக்கொண்டு நிற்கிற பயல்கள் மாதிரி. கமா பின்னால் போய் நின்று எல்லாரையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். தள்ளித் தள்ளியே அறுநூறு வீடு எழும்பிவிட்டது. அவர் மட்டும் இன்னும் வாடகை வீட்டில். "எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்று அவர் ஆரம்பித்தால், கணவரா, வாடகை கேட்கிறவரா என்று திட்டின் காரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த முறை, ரயில் பாதையோரக் கொட்டகைகளில் இருக்கும் நாற்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு வீடு. வங்கியின் ஒப்புதல் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. தவறினால் இன்னும் இரண்டு வருடம் அலைய வேண்டும். கொட்டகைகளில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோ ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.

மூன்றரைக்கு வங்கி மேலாளர் அறையில் கூடினார்கள். மானியத் துறை காலையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது. குடும்பங்களின் சங்கத் தலைவி, துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனாலேயே அந்த அறையில் ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"வக்கீலம்மா, இதுல குடித்திருப்போர் சங்கம்னு போட்டிருக்கே. நாங்க எப்பம்மா குடிச்சோம்?"

கமா வாங்கிப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அங்கேயும் அதேதான். போன மாதம், 'வாடகைதாரர்' என்று வரும் இடமெல்லாம் 'குடியிருப்போர்' என்று மாற்றச் சொல்லியிருந்தது துறை. ஒரு கையில் டிபன் டப்பாவோடு கமாவே மாற்றினார். இரண்டு எழுத்து அடித்ததும் கம்ப்யூட்டர் தானாக ஒரு சொல்லை நீட்டியது, அதையே தட்டிவிட்டார். அது சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி. அறுபத்தோரு இடத்திலும் மாற்றிக் கொடுத்துவிட்டது. அப்புறம் கமா காற்புள்ளிகளை எல்லாம் சரிபார்த்தார்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் பிரிவைப் படித்தார். குடித்திருப்போர் மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் கூடிப் பேச வேண்டும் என்றிருந்தது. அதற்குப் பத்திரமே தேவையில்லை, தானாக நடக்கும் என்றார் கான்ட்ராக்டர். யாரும் சிரிக்கவில்லை. ஒரு எழுத்தை மாற்றினாலும் தலைமை அலுவலகத்துக்குப் போய் வரப் பத்து நாள் ஆகும் என்றார் மேலாளர்.

"மாத்தவே வேணாம் சார். ரெண்டாம் பிரிவைப் பாருங்க" என்றார் கமா.

அங்கே, குடித்திருப்போர் என்றால் சொந்த வீடு இல்லாத, வருமானம் குறைந்த, இந்தக் கட்டடத்தில் குடும்பத்தோடு வசிக்கப்போகிறவர் என்று இருந்தது.

"இந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம்னு பத்திரமே சொல்லிட்டா, அதுதான் சார் அர்த்தம். கீழ பாருங்க, முழுசா படிச்சோம்னு உங்க மேலதிகாரிங்க மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க படிக்கலன்னு நீங்க எழுதி அனுப்புறதா இருந்தா, தாராளமா அனுப்புங்க."

மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு மளமளவென்று போட்டுத் தள்ளினார். கான்ட்ராக்டரும் போட்டார்.

தேய்ப்புக் கடை அக்கா மட்டும் பேனாவைத் தொடவில்லை. மணி நாலே கால். கமா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பு என்னோடதுக்கா" என்றார் கமா, குரல் இறங்கிப்போய். "திருத்தல் பத்திரம் எழுதி நானே மாத்தித் தரேன். ஆனா ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பேருதான். மனசு ஒப்பலன்னா சொல்லுங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எம் புருஷன் இருபத்திரண்டு வருஷம் குடிச்சாரு. ஒரு செங்கல் வாங்கல. போயும் சேர்ந்துட்டாரு. நான் ஒரு சொட்டு தொடாம, குடிச்சேன்னு கையெழுத்துப் போட்டு வீடு வாங்கறேன். எங்க போடணும், காட்டுங்க."

முப்பது பக்கம். ஒவ்வொன்றிலும் எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். காகிதம் நகராமல் கமா பிடித்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் பெயருக்குக் கீழே சங்கத்தின் பெயரோடு பதவியும் எழுத வேண்டும். நாலு ஐம்பத்தைந்துக்கு அக்கா 'குடி' வரை வந்து நின்றார்.

"இதுல 'த்' போடணுமா, வேணாமா?"

கமா காகிதத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போடணும்க்கா" என்றார்.