கிரேஸ் ஆன்ட்டியின் கைப்பை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பெங்களூர் காக்ஸ் டவுனில் என் தோழி ஃபிலோமினா நடத்தும் ஃபேன்ஸி ஸ்டோரில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன்.

கிளிப், வளையல், நெயில் பாலிஷ்… எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான்கள். அடிக்கடி காணாமல் போகும். "தெரியாத மூஞ்சிங்க வேலைதான்" என்பாள் ஃபிலோ. கேமரா மாட்டிய பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கேமராவில் மாட்டியது கிரேஸ் ஆன்ட்டி!

ரிட்டயர்டு டீச்சர். பென்ஷன் வருகிறது. சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசை. வாங்குகிற பொருளுக்குச் சரியாகப் பணம் கொடுத்துவிடுவார். கூடவே ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் கைப்பைக்குள் போய்விடும். நெயில் பாலிஷ்கூட. அவர் நகத்தில் நான் ஒரு நாளும் பாலிஷ் பார்த்ததில்லை.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"எப்படிடி கேக்கறது? என் கல்யாணத்துக்குப் பாடினவங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி உள்ளே வந்தார். ஃபிலோவின் கண் மானிட்டருக்குப் போனது. ஒரு கிளிப் பைக்குள் போவதை நானும் பார்த்தேன். ஃபிலோ குனிந்து கவர் எடுத்து நிமிர்வதற்குள், ஒரு பாக்கெட் ஹேர்பின்னோடு ஆன்ட்டி கவுன்டருக்கு வந்துவிட்டார்.

ஃபிலோ குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, ஒரு கிளிப் உங்க பைக்குள்ள தவறி விழுந்துருச்சு போல…"

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி யார் கொடுப்பார்கள்? ஆன்ட்டி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னம்மா சொல்ற? நான் திருடியா?"

பையைக் கவுன்டரில் கவிழ்த்தார். கண்ணாடிக்கூடு, ஜெபமாலை, பிரஷர் மாத்திரை, குடை. கிளிப் இல்லை!

கடையில் இருந்த இன்னொரு பெண்மணி, "சும்னே, காரணமே இல்லாம ஒரு பெரியவங்களை இப்படிச் சொல்லலாமா?" என்றார். ஆன்ட்டி ஹேர்பின்னையும் வாங்காமல் போய்விட்டார்.

பதிவை ஓட்டிப் பார்த்தோம். ஃபிலோ குனிந்த, நானும் கவனிக்காத அந்த நேரத்தில், பைக்குள் போட்ட கிளிப்பை எடுத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார். மானிட்டரைப் பார்த்துப் பயந்தாரா, மனசு மாறினாரா… யாருக்குத் தெரியும்?

விஷயம் சர்ச் வரை போயிற்று. வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். "பழைய வீடியோவெல்லாம் இருக்கே, காட்டு" என்றேன்.

"காட்டினா எனக்கு நல்ல பேரு. அவங்க அப்புறம் எப்படி சர்ச்சுல நின்னு பாடுவாங்க?" என்றாள். என் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன வாரம் நானும் கடையில் இருந்தபோது ஆன்ட்டி வந்தார். உள்ளே போகவில்லை. இரண்டு கைகளையும் வாசலோரக் கவுன்டர் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு நின்றார். ஹேர்பின் தொங்கியது அவர் தோளுக்குப் பக்கத்தில்.

"ஒரு பாக்கெட் ஹேர்பின் வேணும். நீயே எடுத்துக் குடும்மா."

ஃபிலோ சுற்றிவந்து எடுத்துக் கொடுத்தாள். பணம் கொடுத்த பிறகும் ஆன்ட்டி நகரவில்லை.

"இனிமே நான் உள்ள வரலை ஃபிலோ. இங்கயே நின்னு கேக்கறேன். எடுத்துக் குடுப்பேல்ல?"

"எதுக்கு நிக்கணும்? உக்காந்தே கேளுங்க ஆன்ட்டி" என்று தன் ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டாள் ஃபிலோ.

இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.