எதில் நூறு?

செம்மேட்டில் என் வேலை என்னவென்று கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். மலைக் கிராமங்களின் புள்ளிவிவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் தனி முகவரி கொடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன அலகு என்று இணைக்க வேண்டும். மிளகுக்குக் கிலோ, நிலத்துக்கு ஏக்கர். தொல்லையே இல்லை. விழுக்காடுதான் உயிரை எடுக்கும். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே, அந்த மாதிரி. எதில் இத்தனை என்று சொல்லாவிட்டால் அந்தரத்தில் நிற்கும்.

ஒரு சந்தை நாளில், குண்டனி நாடு என்று சொல்லும் மலைப் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, குழா கேட்டுப் போனா, எங்கூர்ல எல்லா ஊட்டுக்கும் வந்திருச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதுங்கறாங்களே?"

திறந்து பார்த்தேன். குடிநீர்க் குழாய் இணைப்பு: நூறு விழுக்காடு.

"எங்கூட்டுக்கு மட்டுந்தானுங்க குழா. மத்த ஊடெல்லாம் தண்ணியில்லாம பூட்டிட்டுப் போயிட்டாங்க. எம்மகன் கட்டுன புது ஊடும் பூட்டித்தான் கெடக்குது. குழா வந்தா வாரேங்கறான்."

கணக்கெடுத்தவர்கள் ஆளிருக்கும் வீட்டை மட்டும் எண்ணியிருந்தார்கள். இருந்தது ஒரே வீடு. அதில் குழாய் இருந்தது. நூறு!

"பூட்டுன ஊடு ஊடு இல்லீங்களா கண்ணு?" என்றார்.

மேலதிகாரியிடம் போனேன். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கும்மா காயுது? நூறுன்னா நூறுதான்" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுல நூறு சார்?" என்று கத்தியே விட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. விடாமல் நச்சரித்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அடுத்த கணக்கெடுப்பிலிருந்து, ஆளிருக்கும் வீடுகளில் எத்தனை விழுக்காடு, மொத்த வீடுகளில் எத்தனை விழுக்காடு என்று இரண்டையும் போடலாம். பூட்டிய வீடுகளையும் தனியே எண்ணலாம்.

அடுத்த சந்தையில் அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எம்மகன் ஊடும் கணக்குல வந்திருமுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்துவிடும் என்றேன்.

புதிய கணக்கு வந்தது. ஏற்றினேன். அந்த ஊரில் மட்டும் கணினி நிரல் நின்றுவிட்டது. ஆளிருக்கும் வீடு: பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதாம். மொத்த வீடுகளுக்கான விழுக்காடு, நாங்கள் கேட்டபடியே, அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஆளில்லாத ஊருக்கு இனிக் குழாய் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பக்கம் போகும் பஸ் கண்டக்டரிடம் கேட்டேன். "மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானுங்க. பஸ் ஏறுற வரைக்கும் அந்தம்மா திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்துச்சு."

அந்த ஊரின் ஆளிருக்கும் வீடுகளுக்கான இணைய முகவரியை இன்றும் திறந்து பார்க்கிறேன். பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் கை போய்விடுகிறது. அலகு இருக்கிறது, விழுக்காடு என்று. எண் இல்லை. பயமாக இருக்கிறது. பக்கத்திலேயே, பூட்டிய வீடுகள் என்ற இடத்தில், அவர் மகன் வீடும் கணக்கில் வந்துவிட்டது. அவர் வீடும்.