தொலைபேசியிலும் மடங்கும் முழங்கால்

தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆமா... ஆமா... ரொம்ப நன்றி" என்கிறாள் குன்வோர். அந்த நன்றியோடு அவளுடைய வலது கால் இடது காலுக்குப் பின்னால் ஒதுங்குகிறது. முதுகு வளையாமல் முழங்கால்கள் மட்டும் லேசாக மடங்கி, உடனே நிமிர்கின்றன. மறுமுனையில் இருப்பது சுகாதார நிலையத்து வரவேற்புப் பெண், குன்வோரின் பேத்தி வயதுக்காரி.

"நீ மடங்கினத அவ கண்டாளா?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காதே, முழங்காலைக் கேளு. அது என் பேச்சைக் கேக்கறதில்ல."

வெர்ம்லாந்து மாகாணத்துக் காட்டுக்குள் இருக்கிற எங்கள் காகித ஆலை ஊரில், முதியோர் இல்லத்துக்கு வந்து கால் பார்ப்பது குன்வோரின் தொழில். நான் அங்கே பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நகம் வெட்டுவாள், கால் ஆணி சீவுவாள், வெடிப்புக்குக் களிம்பு தடவுவாள். எழுபது தாண்டியும் ஓய்வு என்ற பேச்சையே எடுக்க விடமாட்டாள். ஒவ்வொரு அறை வாசலிலும் முதலில் அந்த முழங்கால் வணக்கம், பிறகு "பாதமெல்லாம் எப்படி இருக்கு?" என்ற விசாரணை. ஆளை விசாரிப்பதில்லை. "ஆளுங்க நல்லாருக்கேன்னு பொய் சொல்லுவாங்க. கால் சொல்லாது."

வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எங்களோடு காபிக்கு உட்காருவாள். ஏலக்காய் பன்னின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று தீர்த்த பிறகுதான் பன்னைக் கடிப்பாள். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவளுக்குப் போகாது.

எங்கள் நாட்டில் இப்போது எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். டாக்டரும் நீ, மேயரும் நீ. அறுபதுகளின் கடைசியில் 'நீங்கள்' என்பதை மூட்டை கட்டி அனுப்பினோம். பெண்பிள்ளைகளின் முழங்கால் வணக்கமும் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது. குன்வோருடையது மட்டும் வண்டியைத் தவறவிட்டது. நான் பள்ளிக்குப் போன காலத்தில் அது இல்லை, எனக்கு அது வரவும் வராது. ஒருமுறை செய்து காட்டினேன். "பஸ்ல சீட் தேடுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

அவள் மகள் காமில்லா கார்ல்ஸ்டாட்டில் தொழிற்சங்க வேலை பார்க்கிறாள். அம்மாவின் முழங்கால் அவளுக்கு மானப் பிரச்சினை. ஒருநாள் அம்மாவை அழைத்துப் போக இல்லத்துக்கு வந்தவள், எங்கள் முன்னாலேயே பொரிந்து தள்ளினாள். "ஆலை மேனேஜர் பொண்டாட்டி கார்ல போனாக்கூட சின்ன வயசுல நீங்கல்லாம் ரோட்டோரம் நின்னு மடங்குவீங்களாமே! அந்த அசிங்கத்தை இன்னுமா தூக்கிச் சுமக்கறே?"

"அந்தம்மாவுக்கு மடங்கினது எங்கம்மா முதுகுல குத்தினதால. டீச்சருக்கு மடங்கினது நானா மடங்கினது. உனக்கு ரெண்டும் ஒண்ணு. முழங்காலுக்கு வேற வேற."

டீச்சர் என்றால் தாக்னி டீச்சர். குன்வோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் இரும்பு அடுப்பு எரியுமாம், அதைச் சுற்றி நனைந்த கம்பளிக் கையுறைகள் காயுமாம். டீச்சர் நுழைந்ததும் பையன்கள் தலை தாழ்த்த, பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மடங்கி எழ, மரத்தளம் ஒரே குரலில் முனகுமாம். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நாள் ஆரம்பிச்ச மாதிரி" என்று சொல்லும்போது குன்வோரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கே அந்த வகுப்பில் உட்காராமல் போனோமே என்று ஏக்கமாகிவிடும்.

அந்த டீச்சர் எங்கள் இல்லத்துக்கு வந்தபோது எல்லாவற்றையும் மறந்திருந்தார். தம் காலை மட்டும் யாரிடமும் தருவதில்லை என்பதை மறக்கவில்லை. தொட்டவர்களை உதைத்தார். நகம் சதைக்குள் வளர்ந்து பெருவிரல் பழுத்துவிட்டது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அன்று குன்வோர் வந்தாள். பையும் கையுமாக வாசலில் நின்று, வழக்கம்போல மடங்கி எழுந்தாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "சின்ன குன்வோரா? கையுறையைக் காய வச்சியா?"

"வச்சிருக்கேன் டீச்சர்."

கால் தானாக நீண்டது. விரல் பிழைத்தது.

அன்று குன்வோர் துணி துவைக்கும் அறைக்குள் போய் அழுதாள். நான் பின்னாலேயே போனேன். "அம்மா போயாச்சு, அண்ணன்மாருங்க போயாச்சு. என்னைச் சின்னவன்னு தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல இவங்க ஒருத்தங்கதான் பாக்கி. இவங்களும் மறந்துட்டா நான் வெறும் கிழவிடி." அதன்பிறகு தாக்னி டீச்சரின் அறைக்குள் அவள் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் போனாள். மடங்கி எழுவாள், டீச்சர் வாயிலிருந்து தன் பெயர் வரும்வரை மூச்சு விடமாட்டாள்.

இந்தக் குளிர்காலத்தில் டீச்சர் இன்னும் பின்னால் போய்விட்டார். தம் அம்மாவைக் கேட்கிறார், பன்னைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறார். போன வாரம் குன்வோர் வந்தபோது நடைகூடத்திலேயே அதைச் சொல்லிவிட்டேன்.

"போன தடவை தெரிஞ்சுதே என்னை" என்றாள்.

கதவைத் திறந்தோம். வெள்ளை மேலங்கியும் கையில் பையுமாக நிற்கிறவளைக் கண்டதும் டீச்சர் பதறி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கம்பளிக் காலுறை போட்ட வலது காலைப் பின்னால் ஒதுக்கினார். முதுகு வளையாமல், அழகாக மடங்கி எழுந்தார்.

"வேணும்னு லேட்டா வரலை டீச்சர். ரோடெல்லாம் பனி."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. டீச்சர் சொல்லாமல் எந்தப் பிள்ளை உட்காரும்? தொடைகள் நடுங்க, குன்வோரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்துவிடுவாரோ என்று நான் நகர்ந்தேன். குன்வோர் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

அவளுடைய வலது கால் அதற்குள் பின்னால் போயிருந்தது. அதை இழுத்து இடது காலோடு சேர்த்து வைத்தாள். முழங்கால் இரண்டையும் விறைப்பாக நிறுத்திக்கொண்டு, தலையை மட்டும் ஒருமுறை அசைத்தாள்.

"பரவால்ல தாக்னி. உக்காரு."