அக்காவைக் கேட்காமல் சொன்ன பதில்

தேநீர்த் தட்டோடு அக்கா அறைவாசலில் நின்ற அந்த மத்தியானம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு தாயும் மகனும் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். மகன் தையற்காரர். அக்காவைப் போல அவருக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது. மடு மாதா திருவிழாவில் சந்தித்த இருவரும் கைபேசியில் முகம் பார்த்துச் சைகையால் பேசி வந்தார்கள் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

என்னைவிட ஆறு வயது மூத்தவளுக்காகப் பேசுவது சிறுவயதிலிருந்தே என் வேலை. கடையில், ஆஸ்பத்திரியில், பிறகு அவள் நண்டு உடைக்கப் போன கம்பனியில் எல்லாரும் அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்கள். கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான்தான் பக்கத்தில் நின்றேன். அவளுடைய சைகையில் விளங்காத பாவங்களுக்குப் பதிலாக என்னுடையவற்றைச் சொன்னேன். ஒருவரும் பிழை பிடித்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் காது கேளாது. நாளைக்குப் பிள்ளை அழுதா ஆர் கேக்கிறது?" என்று அம்மா குசினி அடுப்படியில் என்னிடம் சொல்லியிருந்தார். வந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை. "அவளுக்கு உதில விருப்பமில்லை" என்று மட்டும் சொன்னார். அந்தத் தாய் நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, அக்கா என்ன சொல்லுறா?"

"அவவுக்கு விருப்பமில்லையாம், மாமி."

அக்கா சொல்லி நான் கேட்டதுபோல ஒரு 'யாம்' போட்டேன். அம்மாவுக்குப் பயந்து சொன்னேன் என்று பல காலம் நினைத்திருந்தேன். அது முழு உண்மையல்ல. அவள் போய்விட்டால் வீட்டில் எனக்கு என்ன வேலை என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

அறைவாசலுக்கு முதுகு காட்டி இருந்த மகனின் தோளைத் தொட்டு மாமி எழுப்பினார். தேநீரை ஒருவரும் குடிக்கவில்லை. என்ன நடந்தது என்று அக்கா கைகளால் கேட்டாள். யோசித்துச் சொல்வார்கள் என்று நான் கைகளாலேயே பொய் சொன்னேன்.

பின்னேரம் அவளுடைய கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உமக்கு விருப்பமில்லை எண்டு தங்கச்சி சொன்னவவாம். உண்மையோ?" என்று அந்தத் தையற்காரர் எழுதியிருந்தார். அக்கா அழவில்லை. நான் வாசித்து முடித்ததும் கைபேசியை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியே பஸ் ஏறி வெள்ளாங்குளம் போனாள். மாமியின் கையில் அவள் கொடுத்த கடிதத்தைப் பிறகு மாமியே எனக்குக் காட்டினார். இரண்டே வரி. "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு விருப்பம்."

கலியாணத்தன்று சம்மதம் கேட்ட சுவாமி, பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நானும் பழக்கத்தில் "ஓம் எண்டு..." என்று தொடங்கிவிட்டேன். அக்கா திரும்பாமலே உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தினாள். பிறகு தன் கைகளால் சொன்னாள். அவள் முடிக்கும்வரை சுவாமி காத்திருந்தார்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளை அழுவதைக் கேட்க மாமி அந்த வீட்டில் இருக்கிறார். அம்மாவும் தொட்டில் சீலை தேடத் தொடங்கிவிட்டார். போன மாதம் கிளினிக்குக்குத் துணையாகப் போனபோது தாதி அக்காவைக் காட்டி என்னிடம், "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"அவவிட்டக் கேளுங்கோ" என்று கொப்பியையும் பேனையையும் அக்காவின் பக்கம் தள்ளினேன்.

அக்கா ஒரு பக்கம் நிறைய எழுதினாள். தாதி வாசித்துச் சிரித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கீழே ஏதோ எழுதிக் காட்டினார். அக்கா தலையாட்டினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.