குவார்ட்டர்பேக்குக்கு நாவூறு கழித்த கதை

எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் மட்டன் ரோல்ஸ் விற்கிற பெண் நான்தான். டென்மார்க்கில் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருக்கிறது. முட்டை வடிவில் பந்து, தலையில் ஹெல்மெட், ஒருவன் மேல் ஒருவன் விழுந்து எழும்புகிற ஆட்டம். வாரநாட்களில் நான் ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கோடைச் சனிக்கிழமைகளில் மைதானத்து வேலியோரம் கடை போடுவோம். என் கணவர் கரியடுப்பில் சொசேஜ் வாட்டுவார், நான் ரோல்ஸ் பொரிப்பேன். பொரிப்பதைவிடக் கத்துவதுதான் அதிகம்.

இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று கண்மூடித் திறப்பதற்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். வென்றால் அவனைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் ஊரிலுள்ள வாயெல்லாம் அவன் மேல்தான் பாயும்.

எங்களுக்கு ஒருவன் வாய்த்தான். அமெரிக்காக்காரன், பனை உயரம், சிரித்தால் வாய் காதுவரை போகும். கீழ்ப் பிரிவில் கிடந்து உத்தரித்த எங்கள் கழகத்தை மேலே கொண்டுவந்து, கிண்ணமும் வாங்கித் தந்தான். அந்தப் புகழ் உச்சத்தில் இருந்தபோதுதான் அவனுக்குத் தோள் நொந்தது. மருத்துவர் பார்த்தார், படம் எடுத்தார், ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. ஊர் முழுக்க ஒருவனைப் புகழ்ந்தால் என்ன ஆகும்? நாவூறுதான்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். சேர்ச் சாமியாருக்குத் தெரிந்தால் ஏசுவார். இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை அவனை வேலியோரம் கூப்பிட்டுக் குனியச் சொன்னேன். காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கைக்குள் பொத்தி, தலையைச் சுற்றி, பாதுகாப்புக்கு ஒரு சிலுவையும் போட்டு, சொசேஜ் அடுப்புக்குள் எறிந்தேன். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது, இல்லாவிட்டால் எல்லாருக்கும் இருமல் வரும் என்று சுற்றி நின்ற டெனிஷ்காரருக்கு விளக்கினேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இருமல் வரவில்லை. அன்றைக்கு அவன் எறிந்த எறி ஒவ்வொன்றும் பூப்போலப் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு யார் விட்டார்கள்? ஆட்டத்துக்கு முன் மிளகாய் என்பது கழகத்தின் வழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்து ரசிகர்களுக்கு ஒரு தலைவர் இருக்கிறார், லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய மேளம் ஒன்றைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு திரிவார். நான் மிளகாயை எடுத்ததும் அவர் மேளத்தை நிறுத்திக் கையைத் தூக்குவார். சேர்ச் பூசையில்கூட அப்படி ஓர் அமைதி வராது.

போன வருடம் அவன் தலைநகர்க் கழகத்துக்குப் போய்விட்டான்.

ஊர் இரண்டுபட்டது. துரோகி என்றார்கள் ஒரு பகுதியார். தந்ததெல்லாம் போதாதா, அவனுக்கும் ஒரு வாழ்க்கை இல்லையா என்றார்கள் மற்றவர்கள். ஒரு பெண் அவனுடைய இலக்கம் போட்ட சட்டையின் மேல் கறுப்பு நாடா ஒட்டினாள், ஆனால் சட்டையைக் கழற்றவில்லை. மேளக்காரர் அவனுடைய பாட்டை இனிப் பாடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, மேளத்தைத் துடைக்கும்போது அதையே முணுமுணுத்தார். எனக்கும் கோபம்தான். போனால் போகட்டும், போகிறவன் வேலியோரம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

அவன் விட்டுப்போன இடத்தில் நிற்க ஒருவன் வேண்டுமே. நின்றது என் மகன்.

சின்ன வயதிலிருந்து அந்தக் கழகத்திலேயே விளையாடியவன், அந்த அமெரிக்கனுக்கு மாற்றாளாக ஓரத்து வாங்கில் இருந்து இருந்து ஆட்டத்தைப் படித்தவன். மகன் நன்றாகத்தான் விளையாடினான். ஆனால் மைதானத்தில் அவன் தனியாக விளையாடியதே இல்லை, போனவனுடைய நிழலும் கூடவே நிற்கும். ஒரு பந்து தவறினால் போதும், மேளக்காரர் தொடங்கிவிடுவார்: "அவன் இருந்திருந்தால்..." வசனத்தை முடிக்கவே மாட்டார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும். என் பிள்ளையை இந்த ஊர் ஒரு நாளாவது அவனாகவே பார்க்காதா என்று மனம் கிடந்து அடிக்கும்.

இந்தக் கோடையில் தலைநகர்க் கழகம் எங்கள் மைதானத்துக்கு வந்தது. அவனும் வந்தான்.

காலையிலேயே மிளகாயும் உப்பும் பையில் கட்டினேன். மகன் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இண்டைக்காவது குனி. ஒருக்காச் சுத்திப் போடுறன்."

மகன் என்னோடு பெரும்பாலும் டெனிஷில்தான் கதைப்பான். அன்றைக்கும் டெனிஷில்தான் சொன்னான், நிமிராமலே. "என்னை யாராவது புகழ்ந்தால்தானே அம்மா நாவூறு படும்? எனக்கு எதற்கு?"

அழுதுவிடுவேன் போலிருந்தது. அழாமல் ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் வைத்தேன். மிளகாய்ப் பையையும் வைத்தேன்.

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தலைநகர்க் கழகத்தின் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கியதும் எங்கள் பக்கம் "ஊ" என்று ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், எண்ணெய்ச் சட்டியே அதிர்ந்தது. நானும்தான் கத்தினேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேரே எங்கள் கடைக்கு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பழையபடி சிரித்து, பழையபடி தலையைக் குனிந்தான்.

நான் என்ன செய்ய? ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் குனிந்த தலையைக் கண்டதும் கை தன்பாட்டில் மிளகாய்ப் பைக்குள் போய்விட்டது. சுற்றத் தொடங்கிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

"இஞ்சார், உனக்கென்ன விசரே? அவன் எதிர்ப்பக்கம்!" என்று கணவர் சொசேஜ் இடுக்கியோடு கத்தினார்.

"குனிஞ்ச தலையை எப்பிடியப்பா நிமித்தி விடுறது?" என்று நானும் கத்தினேன்.

பாதியில் நிறுத்தினால் இன்னும் கூடாது. சுற்றி முடித்து அடுப்பில் போட்டேன். மிளகாய் கரியில் விழ முன்னமே மேளக்காரர் இருமத் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் பக்கம் முழுவதும் இருமியது. கொக்கு கொக்கென்று பொய் இருமல்! உன்னை இங்கே யாரும் புகழவில்லை, உனக்கு ஒரு நாவூறும் இல்லை என்று சொல்கிறார்களாம். நாடா ஒட்டிய சட்டைக்காரி மட்டும் இருமாமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அத்தனை பேருக்கும் அவனை அவ்வளவு பிடிக்கும், அது அவனுக்கும் தெரியும்.

திரும்பினால், மைதானத்துக்குள் மகன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனான். எனக்கு ரோல்ஸ் ஒன்று கருகிப்போனது.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதில்லை. ஒருவன் ஆடும்போது மற்றவன் ஓரத்தில் நிற்பான். எங்கள் முதியோர் இல்லத்தில் காலை வேலைக்காரியும் மாலை வேலைக்காரியும் வாசலில் மாறிக்கொள்வதுபோல. அதனால் ஒப்பிடுவது சுலபம். அமெரிக்கன் எறிந்தான், புள்ளி எடுத்தான், எறிந்தான், புள்ளி எடுத்தான். என் மிளகாய் அவனுக்கு நன்றாகவே வேலை செய்தது. மகனும் விடவில்லை. விழுந்தான், எழும்பினான், இன்னொரு முறை எறிந்தான். மழை தூறியது. ஒருவரும் குடை விரிக்கவில்லை.

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி பின்னால். பந்து எங்கள் கையில், எல்லைக்கோடு எட்டிப் பிடிக்கிற தூரத்தில். பந்தோடு கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, ஆனால் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வேலியில் ஏறி நின்றேன். மகன் பந்தை வாங்கினான். இடப்பக்கம் பார்த்தான், ஆள் இல்லை. வலப்பக்கம் பார்த்தான், எதிராளி மறித்து நிற்கிறான். "எறி! எறி!" என்று மேளக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். அவன் எறியவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடுவிலே புகுந்து ஓடினான். மலைபோல இரண்டு பேர் மேலே பாய்ந்தார்கள். என் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது மனிதக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம். கையில் பந்து.

மாதாவே! நான் வேலியிலிருந்து விழுந்தேனா குதித்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. கணவர் இடுக்கியோடு ஆடினார். சட்டைக்காரி என்னைக் கட்டிப் பிடித்தாள். மேளக்காரர் மேளத்தின் ஒரு பக்கத் தோலைக் கிழித்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அமெரிக்கன் களத்துக்குள் ஓடிப்போய் மகனைத் தூக்கிச் சுற்றினான். பிறகு வேலியோரம் ரோல்ஸ் கேட்டு வந்தான். மேளக்காரர், வாய்ப் பழக்கத்தில், அவன் முகத்துக்கு நேரேயே தொடங்கினார்: "நீ இருந்திருந்தால்..."

"தோற்றிருப்போம்" என்று அவன் முடித்தான். "நான் எறிந்திருப்பேன். அதைப் பறித்திருப்பார்கள்."

மேளக்காரர் அவனைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், பிறகு மகனுடைய பெயரைச் சொல்லி ஒரு முறை கத்தினார். எங்கள் பக்கம் முழுவதும் அதைத் திருப்பிக் கத்தியது. அவர்கள் நாக்கில் புரளாத பெயர் அது, ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை. மகன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வேலியோரம் வந்தான். நெற்றியெல்லாம் சேறு. தமிழில் சொன்னான்:

"அம்மா, இண்டைக்கு எனக்கு வேணும்."

தலையைக் குனிந்தான்.

மேளக்காரர் கையைத் தூக்கினார். மைதானம் அடங்கியது. நான் சுற்றினேன், சிலுவை போட்டேன், அணைந்தும் அணையாமலும் கிடந்த கரியைக் கணவர் ஊதிவிட, மிளகாயை உள்ளே போட்டேன். பொய் சொல்லக் கூடாது, புகை வந்தது. ஊரையே தூக்குகிற நெடி வந்தது. என் கண் எரிந்தது. சட்டைக்காரி மூக்கைப் பொத்தினாள். அமெரிக்கன் ரோல்ஸை வாய்க்குள் அடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். மேளக்காரர் முகம் பீற்றூட்போலச் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓட, இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஒருவரும் இருமவில்லை.