கயல்விழி என்றொரு படகு

"பிலோமினா அக்கா பூட்டாங்க மாமா" என்று செவ்வாய்க்கிழமை காலை கயல்விழி போனில் சாவுச் சேதி சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரே வாயிலிருந்து வரும் சேதியை நம்பாதே என்று எனக்குச் சொல்லித் தந்ததே அக்காதான். டீக்கடையில் கேட்டேன், ஆமாம் என்றார்கள். மீன்கூடையோடு போன அஞ்சலையை நிறுத்திக் கேட்டேன், பதிலுக்கு மூக்கைச் சிந்தினாள். காசிமேட்டில் மூன்று பேர் ஒரே சேதியைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பார்த்து ஒத்துப்போனார்கள்.

இராயபுரத்தில் அக்காவின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த உங்களுக்குத் தெரியும், அங்கே நகல் எடுத்ததைவிட ஊர்வம்பு பேசியதே அதிகம். அதில் பாதிக்கு மூலப்பிரதி அடியேன். ஆனால் வெளிநாடு போய்க் கைவிட்ட கணவர்களின் சொத்தைத் தேடி வரும் பெண்களுக்கு, அந்தந்த நாட்டின் பொதுப் பதிவேடுகளை இணையத்தில் துழாவிக் கொடுத்ததும் அதே கடைதான். "எட்டிப் பாக்கறது இல்ல நைனா இது. கவர்மெண்டே கதவத் தொறந்து வெச்சிகீது" என்பார்.

இறால் உரிக்கும் செல்வி வந்த நாள் மறக்காது. மகள் கயல்விழிக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது, கட்டப் பணமில்லை. கப்பலேறிப்போய் அமெரிக்காவில் தங்கிவிட்ட கணவன் ரவிக்குமார், ஜீவனாம்ச வழக்கில் தன்னிடம் சல்லிக்காசு இல்லை என்று வக்கீலை விட்டுச் சொல்லியிருந்தான்.

உதவுகிறேன் பேர்வழி என்று நான்தான் முதலில் தேடினேன். ரவிக்குமார் என்ற பெயரில் நீச்சல்குளத்தோடு ஒரு பங்களா அகப்பட்டது. சாயங்காலத்துக்குள் வியாசர்பாடி வரை சொல்லிவிட்டேன். செல்வியின் கொழுந்தன்மார் பங்கு கேட்டே வந்துவிட்டார்கள். பார்த்தால், அது யாரோ ஒரு பல் டாக்டரின் வீடு.

"டாக்டர் வூட்ட எய்திக் குட்த்துட்டியா நைனா? ரவிக்குமார்னு கல்லு வுட்டா பத்து பேர் மேல வுழும்!" என்ற அக்கா, செல்வியிடம் திரும்பினார். "அந்தாளுக்கு இன்னா தொயிலு தெரியும்?"

"கடலு வுட்டா வேற இன்னாக்கா தெரியும்?"

"அங்கயும் கடலு கீதுல்ல?"

அமெரிக்காவில் படகுகளுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. படகின் பெயரைப் போட்டால் உரிமையாளரைக் காட்டும். "நம்மாளு சொந்தப் படகுக்கு யார் பேர வெப்பான்? ஒண்ணு அம்மா, இல்லாங்காட்டி பொண்ணு" என்றபடி அக்கா கயல்விழி என்று தட்டினார். அந்தப் பெரிய தேசத்தில் ஒரே ஒரு கயல்விழி மிதந்துகொண்டிருந்தது. உரிமையாளர் ரவிக்குமார், பின்னாலேயே அவன் அப்பா பெயர் ஏழுமலை.

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பொண்ணு மூஞ்சியப் பாக்க வர்ல, பேர மட்டும் எய்தி வெச்சிகீறான் கஸ்மாலம்."

கயல்விழிதான் சிரித்தாள். "அழாதம்மா. பேரு என்னுது, வாடகையாச்சும் தரட்டும்!"

அந்தப் பக்கத்தைச் செல்வியின் வக்கீல் கோர்ட்டில் காட்டினார். அடுத்த வாய்தாவுக்குள், ஒன்றுமில்லாதவனிடமிருந்து கல்லூரிப் பணம் வந்தது.

கயல்விழி இப்போது திருவொற்றியூரில் நர்ஸ். கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில் அக்காவைக் கவனித்துக்கொண்டதும் அவள்தான். அப்போதும் அக்கா, அடுத்த கட்டில்காரரைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தாராம்.

அக்காவின் கடையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். நேற்று மணலியிலிருந்து ஒரு பெண் கடை தேடி வந்தாள். கணவன் போய்ச் சேர்ந்த நாட்டைச் சொன்னாள். எவ்வளவு சொத்து தேறும் என்று கேட்கத்தான் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, அன்று படகைத் தேடியபோது அக்கா எனக்கு விட்டுப்போன பாடத்தைக் கேள்வியாக்கிக் கேட்டேன்.

"அந்தாளுக்கு யார் மேலம்மா உசுரு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு பெயர் சொன்னாள். நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.