மதலைமுத்துவின் சுவிஸ் நேரம்

ஒரு கடிகாரத்துக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’, அடுத்ததற்கு இன்னொன்று. காலை ஜெபத்தையும் சாவி கொடுக்கும் வேலையையும் மதலைமுத்து ஒன்றாகவே முடித்துக்கொள்கிறார். மாதா படத்துக்குக் கீழே இருக்கும் மேசையில் நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற ஒரு வெல்வெட் தட்டு. அதில் கைக்கடிகாரங்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, குமிழை இரண்டு விரலால் பிடித்து, உதடு முணுமுணுக்க மெல்லத் திருகுவார். அடுப்படியிலிருந்து மனைவி மரியபுஷ்பத்தின் குரல் வரும்.

“என்னங்க, வாட்சுக்கு ஜெபம் சொல்றீங்களா, மாதாவுக்குச் சாவி குடுக்குறீங்களா?”

“சாவியை விட்டா அது நின்னுடும். ஜெபத்தை விட்டா நான் நின்னுடுவேன்” என்பார்.

பாபநாசம் கடைத்தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார்; வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயலும் உண்டு. வயது ஐம்பத்தைந்து இருக்கும். கருகிப்போன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், தாமிரக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, உறுமவிட்டு அனுப்புவார். ஆனால் தன் கடிகாரங்களில் ஒன்றின் முதுகைக்கூட அவர் இதுவரை திறந்ததில்லை. “அஞ்சு குதிரை மோட்டாரைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பேங்க. இதைத் தொட்டா கை நடுங்குது. உள்ள இருக்கற திருகாணி தெரியறதுக்கு ஒரு கண்ணாடி வேணும், அந்தக் கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேணும்” என்று தானே சொல்லித் தானே சிரிப்பார்.

அவரிடம் போய் மணி கேட்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். “எந்த வாட்சுல?” என்று திருப்பிக் கேட்பார். அன்றைக்குக் கையில் இருப்பது பின்பக்கம் கண்ணாடி போட்ட ஜப்பான் கடிகாரமாக இருந்தால் தீர்ந்தது. உடனே கழற்றி, கவிழ்த்து, உள்ளே ஊசலாடும் தகட்டைக் காட்டுவார். கேட்டவர் பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய கடிகாரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரும் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிரசங்கம் பாதியில் இருக்கும்போதுதான் உள்ளே நுழைவார். உட்கார்ந்ததும் விசிறியை எடுத்து இடது கையால் வீசத் தொடங்குவார். பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து வீசுவார். அதைப் புண்ணியம் என்று நினைத்து ஒரு பெரியவர் நன்றி சொல்லப்போக, “நீங்க வேற. இந்த வாட்சுக்குச் சாவி கிடையாதுங்க, கையை ஆட்டலைன்னா நின்னுடும்” என்றார்.

புதிதாக ஒன்று வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவரும் முன் பழைய தோல்பட்டையை மாட்டிவிடுவது அவர் வழக்கம். பழைய பட்டையில் வந்தால் பழைய கடிகாரம் என்பது அவர் கணக்கு. “இது முன்னாடியே இருந்ததுதானே?” என்று இவராகவே ஆரம்பிப்பார். யாரும் கேட்காமலே ஆரம்பிப்பதால் மரியபுஷ்பத்துக்கு உடனே தெரிந்துவிடும். “அப்படித்தான் இருக்கும். நான்தான் புதுசு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் இந்தத் தை மாதம் ஊர் நேரம் பார்க்கச் சொன்னது.

ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. குடமுருட்டியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத்தான் ஓட்டம். பிந்தி நட்ட சம்பாவுக்குக் கதிர் வெளியே வராமல் தொண்டையில் நிற்கும் சமயம். இப்போது ஒரு தண்ணீர் தவறினாலும் கதிர் பதராகிவிடும். ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுவது என்று முடிவானது. ஆளுக்கு மூன்று மணி நேரம், வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடைக்கு முதல் முறை. யார் நேரம் பார்ப்பது என்ற பேச்சு டீக்கடையில் வந்தபோது, நடுவயல் கோவிந்தராசு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னார்: “முத்து அண்ணன் இருக்கும்போது வேற ஆளா? அவர்கிட்ட இல்லாத நேரமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மதலைமுத்து சிரிக்கவில்லை. அதை அவர் பதவியாகவே எடுத்துக்கொண்டார். எல்லோர் சட்டைப்பையிலும்தான் செல்போன் இருக்கிறதே என்று ஒருவர் இழுத்ததற்கு, “சேத்துக் கையால செல்லை எடுத்தா அது வாய்க்காலோட போயிடும். நான் எதுக்கு இருக்கேன்?” என்று வாயை அடைத்துவிட்டார்.

முதல் முறை நீலாம்பாளுடையது. இந்த வாய்க்காலில் ஒரு வயல் விடாமல் நடவு நட்டவள் அவள். ஊரார் வயலுக்கெல்லாம் குனிந்து நிமிர்ந்த பிறகு, மகள் இசைவாணியோடு சேர்ந்து கடைமடையில் ஒரு துண்டு வாங்கியிருக்கிறாள். இது அவள் சொந்தமாகப் போட்ட முதல் சம்பா.

அன்றைக்கு மதலைமுத்து கட்டிக்கொண்டு வந்தது தட்டிலேயே உயர்ந்த கடிகாரம். சுவிஸ் தேசத்துப் பழைய சாவிக் கடிகாரம்; சந்தன நிறத்து முகம், நீல முள். காலையில் கடையில் இரண்டு மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றாத அதே கையோடு வரப்பேறி வந்தார். பள்ளிவாசலில் மத்தியான பாங்கு சொல்லும்போது மடையைத் திறந்தார்கள். அந்தப் பாங்குக்கே முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு, பூவரச மரத்தடியில் நாட்டாமை மாதிரி உட்கார்ந்தார்.

முள் மூன்று மணி நேரம் காட்டியதும் எழுந்தார். “நீலாம்பாக்கா, அடைச்சிடலாம்.”

அவள் வயலிலிருந்து ஓடிவந்தாள். “இன்னும் மேலண்டை மூலை நனையலியே தம்பி. அதுக்குள்ளயா ஆயிடுச்சு? அடுத்த பாங்குகூட இன்னும் கேக்கலியே.”

“பாங்கு முன்னப்பின்ன இருக்கும்க்கா. இது சுவிஸ்” என்று மணிக்கட்டை நீட்டினார். அவள் அந்த நீல முள்ளைப் பார்த்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். வாதாடத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் முத்து தம்பி பொய் சொல்லமாட்டார் என்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். தண்ணீர் கோவிந்தராசு வயலுக்குத் திரும்பியது.

வெகுநேரம் கழித்துத்தான் பாங்கு கேட்டது. மதலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஊருக்குக் கூடாது என்று சொன்ன செல்போனைத் தானே எடுத்துப் பார்த்தார். கடிகாரம் ஒரேயடியாக முன்னே ஓடியிருந்தது. கடைமடைக்காரியின் முறையில் அரை மணிக்கு மேல் அவர் வெட்டியிருந்தார். ஊரிலேயே அந்தத் தண்ணீர் அதிகம் தேவைப்பட்ட வயல் அது.

வரப்பில் ஓடினார். கோவிந்தராசு மடைக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். “என் முறையில கை வைக்காதீங்கண்ணே. வாட்சு உங்களுது, வயலு என்னுது.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோவிந்தராசுக்கு அடுத்த முறை மதலைமுத்துவினுடையது. வெயில் தாழ்ந்ததும் தன் மடையைத் திறக்காமல், தண்ணீரை அப்படியே கடைமடைக்கு விட்டார். நீலாம்பாள் மேலண்டை மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நம்பித் தோளில் மண்வெட்டி வைத்துக்கொண்டு போனாளே, அதுதான் அவரை அறுத்தது. தன் வயல் வெடித்துக் கிடப்பதைவிட அது அதிகம் வலித்தது.

காரணம் மறுநாள் கடையில் தெரிந்தது. கடிகாரத்தின் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தார். அதன் ஊசி துள்ளித் திரும்பியது. மோட்டாரின் காந்தம் கடிகாரத்துக்குள் ஏறி, மயிரிழை போன்ற அதன் சுருளை ஒட்டவைத்து, அதைத் தலைதெறிக்க ஓட விட்டிருக்கிறது. ஊர் அறிவதற்கு முன் அவரே டீக்கடையில் போய்ச் சொன்னார்: “வாழ்நாள் பூரா காந்தத்துலதாங்க சோறு திங்கிறேன். அது என் கையிலயே ஏறி உக்காந்திருக்கு, கூமுட்டை எனக்குத் தெரியல. எம் பொண்டாட்டி சொல்லிட்டா, நெல்லு பதராப் போனா வாட்சை அவிச்சு வைக்கிறாளாம். சுவிஸ் வாட்சு வேக எவ்வளவு நேரம் ஆகும்னு யாருக்காவது தெரியுமா?” கடையே சிரிப்பில் உருண்டது. அவரும் சிரித்தார். டீயை மட்டும் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறைக்குத் தண்ணீர் வந்த அன்று, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் வந்தார். பழக்கதோஷம், கையில் ஒரு பழைய எச்.எம்.டி. கடிகாரம் இருந்தது; ஆனால் செல்போனைத்தான் முன்னே நீட்டிக்கொண்டு நின்றார். “இனிமே இதைப் பாத்து நீங்களே அடைச்சுக்குங்க. எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

வயலிலிருந்து நீலாம்பாள் ஏறி வந்தாள். முழங்கை வரை சேறு. “கையைக் குடுங்க தம்பி” என்றாள். அவர் செல்போனை நீட்டினார். அதை ஒதுக்கிவிட்டு, கடிகாரம் கட்டிய மற்றக் கையைப் பிடித்து இழுத்தாள். தூரத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவர் மணிக்கட்டைத் தன் இன்னொரு காதோடு சேர்த்து வைத்துக் கேட்டாள். வரப்பில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நீலாம்பாள் கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, கையை விடாமலே, திறங்க என்பதுபோல் மடைப்பலகையின் பக்கம் தலையை அசைத்தாள்.